தாமோதருக்குக் கொள்ளிடம் எது?

ஹௌராவில் ரயிலேறித் தென்திசை நோக்கி ஊருக்குப் புறப்படும் நம்மவர்கள், வண்டி சணல் ஆலைகளையும் புறநகர்களையும் கடந்து உலுபேரியாவைத் தாண்டியபின் ஓர் ஆற்றுப் பாலத்தின்மேல் செல்வதை அறிவர். அறியாதவர்களும் உண்டு. படுக்கையை விரிப்பதிலும் பெட்டியைச் சங்கிலியால் பிணைப்பதிலும் கருத்தாக இருக்கும் நேரம் அது. பாலமும் அப்படியொன்றும் நீளமானதன்று. சற்றைக்கெல்லாம் கோலாகாட்டில் ரூப்நாராயண் நதி வந்துவிடுகிறது. கரை காணாத அந்த நீர்ப்பரப்பைக் கண்டதும் யாவரும் சன்னலோரம் கூடிவிடுகின்றனர். முன்னே கடந்து வந்த சிற்றாற்றின் பெயரை எவரும் கேட்பதில்லை.

அந்தச் சிற்றாறுதான் தாமோதர். வங்கத்தின் துயரம் என்று நூற்றாண்டுக்கணக்காக வசைபெற்ற நதி அது.

இதே தாமோதரைத் துர்காப்பூரிலோ பர்த்வானிலோ வாழும் தமிழர்கள் வேறு கோலத்தில் கண்டிருப்பர். பர்த்வான் நகருக்குத் தெற்கே சதர்காட் என்னும் துறையில் நின்று பார்த்தால், ஒரு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட அகலத்துக்கு மணல் விரிந்து கிடக்கும். துர்காப்பூரில் 1955-ஆம் ஆண்டில் கட்டிமுடிக்கப்பட்ட தடுப்பணையின் நீளம் மட்டும் 692 மீட்டர். அதில் 34 மதகுகள். மேலே இவ்வளவு பெரிய நதி, கடலை நெருங்க நெருங்க ஒரு பெரிய வாய்க்காலின் அளவுக்குச் சுருங்கிவிடுகிறது.

தஞ்சை ஜில்லாவில் பிறந்த நேயர்களுக்கு இதில் வியப்பு ஒன்றும் தோன்றாமற்போகலாம். முக்கொம்புக்கு மேலே அகண்ட காவிரி என்று பெயர் பெற்ற நதி, மாயவரத்தில் படித்துறைகளுக்கு நடுவே அடங்கி ஓடுகிறது. பூம்புகாரில் கடலைச் சேரும்போது அதை ஓடை என்றாலும் பொருந்தும். ஆனால் நம் காவிரி சுருங்குவதற்குக் காரணம் உண்டு. வெண்ணாறும் குடமுருட்டியும் அரசலாறும் அதன் நீரைப் பங்கிட்டுக்கொள்கின்றன. பெருவெள்ளம் வந்தால் அதைக் கொள்ளிடம் வாங்கிக்கொள்கிறது. கொள்ளும் இடம் ஆதலால் கொள்ளிடம் என்றே நம் ஊர்ப் பெரியவர்கள் பொருள் சொல்லுவர். அப்படியானால் தாமோதருக்குக் கொள்ளிடம் எது? பர்த்வானில் ஓடும் வெள்ளம் உலுபேரியாவுக்கு அருகில் வருவதற்குள் எங்கே போகிறது? இந்த வினாவுக்கு விடை தேடிப் புறப்பட்டால், இருநூறு ஆண்டுக் காலத்து வங்க சரித்திரம் நம்முன் வந்து நிற்கிறது.

தாமோதர் சோட்டா நாகபுரி மேட்டுநிலத்தில் பிறக்கிறது. அதன் துணையாறுகளில் பெரியது பராக்கர். பாறையும் மேடுமான 20,000 சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட நிலப்பரப்பில் பெய்யும் மழை, தங்கித் தாமதிக்க இடமின்றி இவ்விரண்டு ஆறுகளிலும் வந்து விழுகிறது. அந்த வெள்ளம் வங்கத்துச் சமவெளியை அடைந்ததும் அதன் வேகம் தணிகிறது. சுமந்து வந்த மணலையும் வண்டலையும் அங்கே இறக்கி வைக்கிறது. இவ்வாறு தன் பாதையைத் தானே தூர்த்துக்கொள்ளும் ஆறு ஒரே தடத்தில் நிலைத்து ஓடுவதில்லை. முற்காலத்தில் தாமோதர் பர்த்வானிலிருந்து கிழக்கே சென்று கால்னாவுக்கு அருகில் பாகீரதியோடு கலந்தது. பிறகு படிப்படியாகத் தெற்கே திரும்பிற்று. 18-ஆம் நூற்றாண்டில் அதன் பெருவெள்ளம் இன்றைய தென்பாதையைப் பற்றிக்கொண்டது.

விட்டுச் சென்ற பழைய தடங்கள் யாவும் அழிந்துவிடவில்லை. பாங்கா, பேஹுலா, காங்கூர், கானா நதி, கானா தாமோதர் என்று விசிறியின் கம்பிகளைப்போல் அவை இடக்கரையில் பரந்து கிடந்தன. கானா என்றால் வங்காளியில் குருடு என்று பொருள். கண் அடைபட்ட ஆறு என்பது கருத்து. ஆயினும் வெள்ளக் காலத்தில் அந்தக் கண்கள் திறந்துகொண்டன. வண்டல் கலந்த செந்நீர் அவற்றின் வழியே சென்று வயல்களில் பரந்து, மண்ணுக்கு உரமிட்டு வடிந்தது. எகிப்து நாட்டு நீர்ப்பாசனத்தில் பெரும்பெயர் பெற்றவரும் ரூர்க்கியில் பயின்றவருமான ஸர் வில்லியம் வில்காக்ஸ் 1928-ஆம் ஆண்டில் கல்கத்தாவில் நிகழ்த்திய சொற்பொழிவுகளில் இவற்றைப் பற்றி விரிவாக ஆராய்ந்தார். இவை ஆற்றின் பழந்தடங்கள் மட்டுமல்ல, பழைய மன்னர்கள் வெட்டுவித்த பாசனக் கால்வாய்களே என்பது அவர் கொள்கை. அதை ஏற்காத அறிஞர் பலர் உண்டு. மனிதர் வெட்டியதோ, ஆறே வகுத்ததோ, பயன் ஒன்றுதான்: தாமோதருக்கு ஒரு காலத்தில் ஒன்றல்ல, பல கொள்ளிடங்கள் இருந்தன.

அவற்றின் வாயை அடைத்தது இடக்கரை. ஜமீந்தார்கள் காலத்திலேயே இருபுறமும் மண்கரைகள் இருந்தன. அவை அடிக்கடி உடைவதும் மறுபடி கட்டப்படுவதுமாக இருந்ததால், வெள்ளம் எப்படியோ வயலுக்கும் சென்றுகொண்டிருந்தது. 1855-ஆம் ஆண்டில் ஹௌராவிலிருந்து ராணிகஞ்சு நிலக்கரிச் சுரங்கங்களுக்கு ரயில்பாதை திறக்கப்பட்டபோது நிலைமை மாறிற்று. ரயில்பாதையும் கிராண்ட் டிரங்க் சாலையும் பர்த்வான் நகரமும் இடக்கரையில் அமைந்திருந்தன. அந்தக் கரை எக்காரணத்தாலும் உடையக்கூடாது என்று சர்க்கார் முடிவு செய்தது. எதிர்க்கரையின் கதியோ வேறு. இடக்கரையின்மேல் வெள்ளத்தின் அழுத்தம் குறைய வேண்டுமென்பதற்காக, 1850-களின் பிற்பகுதியில் வலக்கரையில் ஏறத்தாழ 20 மைல் நீளத்துக்கு இருந்த கரையைச் சர்க்காரே இடித்துவிட்டது.

இந்த இடத்தில் நாம் சற்று நிற்க வேண்டும். ஒரு கரையைக் காப்பதற்காக மறுகரையை ஆற்றுக்கு ஒப்புக்கொடுத்த செயல் இது. ரயிலின் வருமானத்தையும் கிராமத்தின் நெல்லையும் தராசில் வைத்து நிறுத்திருக்கின்றனர். தராசைப் பிடித்தவர்களும் எடை போட்டவர்களும் இடக்கரையில் இருந்தவர்களே. வலக்கரைக் குடியானவனைக் கேட்டதாகத் தெரியவில்லை. பிற்காலத்தில் அணைகள் கட்டத் திட்டமிட்ட மேதைகளும் இந்த ஒருதலைக் கணக்கை மாற்றவில்லை என்பதைப் பின்னர்க் காண்போம்.

இடக்கரையாருக்கும் முழு நன்மை விளையவில்லை. வெள்ளம் வராத வயல்களில் வண்டலும் வரவில்லை. கண் மூடிய ஆறுகள் பாசி படர்ந்த குட்டைகளாயின. 1860-களிலும் 70-களிலும் ‘பர்த்வான் ஜுரம்’ என்று பெயர் பெற்ற கொள்ளைநோய் ஊர் ஊராகச் சென்று மக்களை வாரிக்கொண்டு போயிற்று. வங்க மாகாணத்தின் சுகாதாரத் துறைக்குத் தலைவராக இருந்த டாக்டர் பெண்ட்லி 1925-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், மலேரியாவின் பெருக்கத்துக்கும் கரைகளால் வெள்ளம் தடைபட்டதற்கும் தொடர்பு உண்டென்று வாதித்தார். ஓடும் வெள்ளம் கொசுவின் முட்டையை அடித்துச் சென்றது. தேங்கிய நீர் அதைப் பேணி வளர்த்தது என்பது அவர் வாதத்தின் சாரம்.

இடப்பக்கம் அடைபட்ட ஆறு சும்மா இருக்குமா? வலப்பக்கமாக வழி தேடிற்று. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பேகுவா என்னும் இடத்தில் ஓர் உடைப்பு ஏற்பட்டது. உடைப்பை அந்நாட்டார் ‘ஹானா’ என்பர். பேகுவா ஹானாவின் வழியே நீர் மேன்மேலும் பாய்ந்து, முண்டேசுவரி என்னும் ஆற்றைப் பெருக்கிற்று. அது தெற்கே சென்று ரூப்நாராயணில் விழுகிறது. தாமோதரின் பழைய பாதை ஆம்தா நகரின் வழியாக ஹூக்ளி நதியை நாடிச் செல்கிறது. நாம் ரயிலில் கடப்பது அதைத்தான். வெள்ளத்தின் பெரும்பகுதி முண்டேசுவரிக்குப் போய்விட்டதால், ஆம்தாப் பாதை ஆண்டுக்கு ஆண்டு மெலிந்தது. ஆகவே தாமோதரின் இன்றைய கொள்ளிடம் முண்டேசுவரிதான். ஆனால் காவிரியின் கொள்ளிடத்துக்கு இருபுறமும் கரை உண்டு, அகலம் உண்டு, நேரே கடலுக்குச் செல்லும் வழி உண்டு. முண்டேசுவரியோ உடைப்பில் பெருகிய பிள்ளை. அதற்கென்று எவரும் வழி வகுக்கவில்லை. அது சேரும் ரூப்நாராயண் கடலோதம் ஏறி இறங்கும் ஆறு. ஓதம் ஏறிய வேளையில் முண்டேசுவரியின் நீர் முன்னே செல்லமாட்டாமல் பின்வாங்கிக் கானாகுல், ஆராம்பாக், உதயநாராயண்பூர்ப் பகுதிகளின் வயல்களில் பரவுகிறது.

1823, 1913, 1935 என்று தாமோதரின் பெருவெள்ளங்களை வரிசையாகச் சொல்லுவர். நாட்டின் கருத்தை இழுத்தது 1943-ஆம் ஆண்டு வெள்ளம். அளவில் அது மிகப் பெரியதன்று; 1913-இலும் 1935-இலும் வந்த வெள்ளத்தில் ஏறக்குறையப் பாதிதான். ஆனால் ஜூலை மாதத்தில் பர்த்வானுக்கு அருகில் இடக்கரை உடைந்தது. ரயில்பாதை பல வாரங்கள் பயனற்றுப் போயிற்று; சாலையும் துண்டிக்கப்பட்டது. பர்மா ஜப்பானியர் கையில் விழுந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. கிழக்கு முனைக்குப் படையும் தளவாடமும் செல்லும் வழி அது. அதே ஆண்டில் வங்கத்தில் பஞ்சம் தலைவிரித்தாடிப் பல லட்சம் மக்களை மாய்த்தது. வலக்கரை ஆண்டுதோறும் மூழ்கியபோது அசையாத சர்க்கார், இடக்கரை உடைந்ததும் விழித்துக்கொண்டது.

பர்த்வான் மகாராஜாவின் தலைமையில் ஒரு விசாரணைக் குழு அமைந்தது. வானநூல் அறிஞரான மேகநாத் சாஹா அதில் ஓர் அங்கத்தினர். அமெரிக்காவில் டென்னஸீ ஆற்றுக்குச் செய்ததுபோல், மலைநாடு முதல் சமவெளி வரை ஒரே அமைப்பின் ஆட்சியில் நதியைக் கொண்டுவர வேண்டும் என்று அவர் எழுதியும் பேசியும் வந்தார். டென்னஸீ அமைப்பில் பணிபுரிந்த வூர்டுவின் என்ற இஞ்சினீயர் வரவழைக்கப்பட்டு, 1944-ஆம் ஆண்டில் ஒரு பூர்வாங்கத் திட்டம் வகுத்தார். வைசிராயின் நிர்வாக சபையில் தொழிலாளர் இலாகாவை வகித்த டாக்டர் அம்பேத்கார், 1945-ஆம் ஆண்டு ஜனவரியில் கல்கத்தாவில் கூடிய மகாநாட்டுக்குத் தலைமை தாங்கி இத்திட்டத்தை முன்னே செலுத்தினார். விடுதலைக்குப் பின், 1948-ஆம் ஆண்டு ஜூலையில் தாமோதர் பள்ளத்தாக்குக் கார்ப்பரேஷன் தோன்றிற்று.

வூர்டுவின் திட்டத்தின் உயிர்நாடி ஓர் எண். நதியில் விநாடிக்கு 10 லட்சம் கன அடி வெள்ளம் வந்தாலும், எட்டு அணைகளில் அதைத் தேக்கி, கீழே 2,50,000 கன அடிக்கு மேல் போகாமல் காப்பது என்பதே அது. ஏன் 2,50,000? அந்த அளவுக்கு இடக்கரை தாங்கும் என்று கண்டிருந்தனர். அப்படியானால் வலக்கரை? முண்டேசுவரி? ஆம்தா? அந்த அளவு நீர் பர்த்வானைத் தாண்டிச் சென்றபின் எந்தப் படுகையில் ஓடும் என்ற கேள்விக்கு அணைத் திட்டத்தில் உரிய இடம் இருக்கவில்லை என்பது நம் கருத்து. 1850-களில் ரயிலுக்காகப் போட்ட கணக்கே மறுபடியும் புதிய ஏட்டில் எழுதப்பட்டது.

எட்டு அணைகளில் நான்குதான் எழுந்தன. தில்லையா 1953-இலும், கோனார் 1955-இலும், மைதான் 1957-இலும், பாஞ்சேத் 1959-இலும் திறக்கப்பட்டன. பாஞ்சேத் அணையைத் தொடங்கிவைக்க வந்த பிரதமர் நேரு, அங்கே மண் சுமந்த சந்தால் பெண் ஒருத்தியை அழைத்துப் பொத்தானை அழுத்தச் செய்தார். நாடு முழுதும் அந்தப் படத்தைக் கண்டு மகிழ்ந்தது. பிரதமருக்கு மாலையிட்ட காரணத்தால் அப்பெண்ணை அவளுடைய சமூகத்தார் விலக்கி வைத்ததும், அவள் நெடுங்காலம் அல்லலுற்றதும் பின்னாளில்தான் வெளியாயிற்று. அணைகளின் நீர்ப்பரப்பில் நிலமும் வீடும் மூழ்கிப் பெயர்ந்த குடும்பங்கள் பல ஆயிரம். அவர்கள் வரலாறு தனியே சொல்லத்தக்கது.

அணைகள் பயன் தரவில்லை என்று சொன்னால் அது பொய்யாகும். 1978-ஆம் ஆண்டு செப்டம்பர் இறுதியில் வந்த வெள்ளமே சாட்சி. மைதானுக்கும் பாஞ்சேத்துக்கும் வந்த நீர் உச்ச நேரத்தில் விநாடிக்கு 7 லட்சம் கன அடியைக் கடந்தது. அவற்றிலிருந்து வெளியேறியது 2 லட்சத்துக்கும் குறைவு. அணைகள் இல்லாதிருந்தால் தென்வங்கம் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கவே நெஞ்சம் நடுங்குகிறது. ஆயினும் அணைகளுக்குக் கீழே பெய்த மழையை அணைகள் தடுக்க முடியாதன்றோ? துர்காப்பூர்த் தடுப்பணையை அடையுமுன் ஆறு மறுபடி பெருகிற்று. கீழ்த்திசை ஜில்லாக்கள் மூழ்கின. மேலும், அணையின் முழு உயரத்துக்கும் நீரைத் தேக்குவதற்கு வேண்டிய நிலம் மேலே வாங்கப்படவில்லை. பாஞ்சேத்தில் வெள்ளத்துக்கென்று வகுத்த கொள்ளளவில் ஒரு பகுதி காகிதத்தில் மட்டும் இருக்கிறது; அங்கே ஊர்களும் வயல்களும் உள்ளன. ஆண்டுதோறும் தங்கும் வண்டலும் மற்றொரு பகுதியை விழுங்கி வருகிறது.

இவையெல்லாம் அணைக்கு மேலே உள்ள குறைகள். அவற்றைப் பற்றி இஞ்சினீயர்கள் ஏராளமாக எழுதியிருக்கின்றனர். அணைக்குக் கீழே நிகழ்ந்ததையோ பலரும் கவனிக்கவில்லை. அது மெல்ல மெல்ல, ஓசையின்றி நிகழ்ந்தது.

ஆற்றின் படுகை எவ்வளவு அகலமும் ஆழமும் கொண்டிருக்க வேண்டும் என்பதை எப்போதோ ஒருமுறை வரும் ஊழிவெள்ளம் தீர்மானிப்பதில்லை. ஆண்டுதோறும் கரை நிறைய ஓடும் நடுத்தர வெள்ளம்தான் மணலை அரித்துத் தள்ளிப் படுகையைத் திறந்து வைக்கிறது. நம் ஊரில் ஆடிப்பெருக்கின் புதுநீர் நாணலையும் கோரையையும் சாய்த்துச் செல்வதைக் கண்டவர்களுக்கு இது விளங்கும். அணை எழுந்தபின் தாமோதரில் அந்த நடுத்தர வெள்ளம் வருவது அரிதாயிற்று. உள்ள நீரிலும் ஒரு பகுதி துர்காப்பூரில் பாசனக் கால்வாய்களுக்குத் திரும்பிற்று. மணல் திட்டுகள் இடம் பெயராமல் நிலைத்தன, புல் முளைத்தது, புல்லின் வேரில் வண்டல் தங்கிற்று, திட்டு மேடாயிற்று, மேட்டில் மரம் வளர்ந்தது. வங்க அரசாங்கத்தில் இஞ்சினீயராக இருந்த கபில் பட்டாச்சாரியா, அணைத் திட்டம் பிரபலமாக இருந்த அந்த நாளிலேயே இதை எச்சரித்தவர். வெள்ளத்தைத் தடுத்தால் கீழாறுகள் தூர்ந்துவிடும். ஹூக்ளியின் கடைவாயும் கல்கத்தாத் துறைமுகமும் மணலால் பாழாகும் என்றார். நவபாரதத்தின் ஆலயங்கள் என்று அணைகளைப் போற்றிய காலத்தில் அவர் சொல் எடுபடவில்லை. பின்னர் பராக்கா அணையையும் எதிர்த்தபோது, அவரை அந்நிய நாட்டின் கையாள் என்றுகூட ஏசினர். துறைமுகம் தூர்ந்ததற்குத் தாமோதர் எவ்வளவு காரணம் என்பதில் வாதத்துக்கு இடமுண்டு. கீழ்த்தாமோதரைப் பற்றி அவர் சொன்னதில் வாதத்துக்கு அதிக இடம் இல்லை.

திட்டுகள் நிலைத்ததும் அவற்றில் மனிதர் குடியேறினர். 1947-ஆம் ஆண்டுப் பிரிவினைக்குப்பின் கிழக்கு வங்கத்திலிருந்து வெறுங்கையோடு வந்த அகதிகளுக்கு எங்கே நிலம் கிடைக்கும்? ஆற்றுநீரோடு பழகியவர்கள் அவர்கள். ‘மானா’ என்று அங்கே வழங்கும் இந்த ஆற்றுத் திட்டுகளில் குடிசை போட்டு, மணலை வெட்டிச் சமன்செய்து, காய்கறியும் கடலையும் உருளைக்கிழங்கும் பயிரிட்டனர். தலைமுறைகள் கடந்தன, ஆற்றின் நடுவே ஊர்கள் எழுந்தன. அணை வந்துவிட்டது, இனி வெள்ளம் இல்லை என்ற நம்பிக்கை கரையோரத்து மற்ற மக்களுக்கும் உண்டாயிற்று. பழைய கரைகளுக்கு உட்புறமாகவே செங்கற்சூளைகளும் வயல்களும் வீடுகளும் வந்தன. அவரவர் நிலத்தைக் காக்க அவரவர் சிறு கரை போட்டனர். காவிரிக் கரையில் ‘படுகை’ என்று நாம் சொல்லும் நிலத்தில், இன்ன பயிர் செய்யலாம், இன்ன மாதத்தில் அதை விட்டு வெளியேற வேண்டும் என்ற ஊர் வழக்கம் ஒரு காலத்தில் இருந்தது. தாமோதரில் அணையின்மேல் வைத்த நம்பிக்கை அப்படிப்பட்ட அச்சத்தைக் கரைத்துவிட்டது. அகதிகளைக் குறை சொல்ல நமக்கு நா எழாது. வேறு மாநிலத்தில் கிடைத்த இடத்தில் கால் ஊன்றியவர்கள்தாமே நாமும்!

2,50,000 கன அடி ஓடும் என்று எண்ணிய நதி, இன்று கீழ்ப்பகுதியில் 1 லட்சம் கன அடிக்கே கரை கடக்கிறது. ஆம்தாப் பாதை தாங்குவது அதிலும் மிகச் சிறிய பங்கு.

இதன் விளைவை 2024-ஆம் ஆண்டு செப்டம்பரில் கண்டோம். காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் ஒன்று மேற்கு வங்கத்தையும் ஜார்க்கண்டையும் நனைத்தது. செப்டம்பர் 17-ஆம் தேதி மைதானும் பாஞ்சேத்தும் சேர்ந்து உச்சமாக 2,50,000 கன அடி நீரை வெளியேற்றின. திட்டத்தில் குறித்த அதே எண்! ஹூக்ளி, ஹௌரா, மேதினிப்பூர் முதலிய ஜில்லாக்களில் வெள்ளம் புகுந்தது. இது மனிதர் செய்த வெள்ளம் என்று மேற்கு வங்க முதலமைச்சர் சாடினார். நீர்த்தேக்கங்களை ஒழுங்கு செய்யும் குழுவில் இரு ராஜ்யத்துப் பிரதிநிதிகளும் இருக்கின்றனர். அவர்களுக்கு அறிவித்தே மதகு திறக்கப்பட்டது என்று கார்ப்பரேஷனும் மத்திய அரசும் விடையிறுத்தன. அந்தக் குழுவிலிருந்து மேற்கு வங்கம் தன் பிரதிநிதியை விலக்கிக்கொண்டது. இரு தரப்பினரும் அணையின் கதவைப் பற்றியே பேசினர். கதவு திறந்தது குற்றமா, தாமதித்துத் திறந்தது குற்றமா என்பதே விவாதம். கதவுக்குக் கீழே ஆறு எங்கே என்று கேட்ட குரல் அவ்வளவாக எழவில்லை.

அணையை நடத்துவோருக்கும் ஒரு தருமசங்கடம் உண்டு. வெள்ளத்தைத் தாங்க வேண்டுமானால் நீர்த்தேக்கம் காலியாக இருக்க வேண்டும்; குளிர்காலப் பயிருக்கும் ஆலைகளுக்கும் குடிநீருக்கும் உதவ வேண்டுமானால் நிறைந்திருக்க வேண்டும். பருவமழை முடியும் செப்டம்பரில் தேக்கத்தை நிரப்பிக்கொள்ளவே எவரும் விரும்புவர். தென்வங்கத்தின் பெருவெள்ளங்கள் சிலவோ அந்தச் செப்டம்பரில்தான் வந்திருக்கின்றன. 1978-உம் 2024-உம் அப்படி வந்தவையே. மழை முன்னறிவிப்பு இன்று முன்னிலும் தெளிவாகக் கிடைக்கிறது. ஆகவே மழைக்கு முன்பே சிறிது சிறிதாக நீரைத் திறந்துவிடலாம் என்று கூறுவர். கூறலாம். ஆனால் முன்கூட்டியே திறக்கும் நீருக்கும் கீழே ஓட இடம் வேண்டும். கீழாறு சுருங்கியிருக்கும் வரையில் மேலே இருப்பவன் கையும் கட்டுண்டே கிடக்கிறது.

ஆதலால்தான் கீழ்த்தாமோதரைச் சீர்திருத்தும் முயற்சி நம் கவனத்துக்கு உரியதாகிறது. உலக வங்கியும் ஆசிய அடிப்படைக் கட்டமைப்பு முதலீட்டு வங்கியும் கடன் உதவ, மேற்கு வங்க அரசு 2020-ஆம் ஆண்டை ஒட்டி ஏறத்தாழ 41 கோடி டாலர் மதிப்பில் ஒரு திட்டத்தை மேற்கொண்டது. பழைய பாசனக் கால்வாய்களைப் புதுப்பிப்பது அதன் ஒரு பகுதி. முண்டேசுவரியையும் ஆம்தாப் பாதையையும் தூர்வாரிக் கரைகளை வலுப்படுத்துவது மற்றொரு பகுதி. ஏறத்தாழ 170 ஆண்டுகளுக்குப் பிறகு வலக்கரைக்கும் ஒரு கணக்கு எழுதத் தொடங்கியிருக்கின்றனர் என்று நாம் கொள்ளலாம்.

தூர்வாருதல் நமக்குப் புதிதன்று. குடிமராமத்து என்ற சொல்லையே நம் முன்னோர் அதற்காக வைத்திருந்தனர். ஆயினும் ஏரி வாய்க்காலைத் தூர்வாருவதும் இத்தகைய நதியைத் தூர்வாருவதும் ஒன்றல்ல. எடுத்த மணலை எங்கே போடுவது என்பது முதல் கேள்வி. கரையோரத்தில் குவித்தால் அடுத்த வெள்ளம் அதை மீண்டும் படுகையில் சேர்த்துவிடும். ரூப்நாராயணிலிருந்து ஓதத்தோடு ஏறிவரும் சேறு ஒருபுறம், மேலிருந்து வரும் மணல் மறுபுறம்; இரண்டும் சந்திக்கும் இடத்தில் தோண்டிய பள்ளம் சில ஆண்டுகளில் நிரம்பிவிடக்கூடும். மேலே நடுத்தர வெள்ளத்தை ஆண்டுக்கு ஒருமுறையேனும் திட்டமிட்டு அனுப்பினால் ஆறே தன் படுகையை ஓரளவு காத்துக்கொள்ளும். அதற்கு மேல்ராஜ்யமும் கீழ்ராஜ்யமும் ஒரே மேசையில் அமர வேண்டும். கரையை மட்டும் உயர்த்திக்கொண்டே போனால், படுகையும் உயரும், கரையும் உயரும். உடைப்பு வரும் நாளில் ஆற்றைக் காட்டிலும் ஊர் தாழ்ந்திருக்கும்.

படுகையில் உள்ள மனிதரைப் பற்றிய கேள்வி இன்னும் கடினமானது. வெள்ளச் சமவெளியை மண்டலங்களாக வகுத்து, எங்கே வீடு கட்டலாம், எங்கே பயிர் மட்டும் செய்யலாம், எங்கே ஒன்றும் கூடாது என்று வரையறுக்க 1975-ஆம் ஆண்டிலேயே மத்திய அரசு ஒரு மாதிரிச் சட்டம் எழுதி ராஜ்யங்களுக்கு அனுப்பிற்று. மணிப்பூர், ராஜஸ்தான், உத்தராகண்ட் போன்ற மிகச் சிலவே அதைச் சட்டமாக்கின. மற்றவை தயங்குவதன் காரணம் எளிதில் விளங்கும். மூன்று தலைமுறையாக ஒரு திட்டில் வாழும் குடும்பத்தை எழுப்ப எந்த அரசும் அஞ்சும், அஞ்சவும் வேண்டும். எழுப்பாமலே செய்யக்கூடியவை உண்டு. மேடையிட்ட பள்ளிக்கூடம், வெள்ளத்துக்கு முன் அறுவடையாகும் பயிர், சரியான வேளையில் எச்சரிக்கை, மூழ்கிய பயிருக்குத் தவறாத ஈடு ஆகியவற்றைச் சொல்லலாம். வலக்கரை வயல்கள் இடக்கரைக்காக வெள்ளத்தை ஏற்கின்றன என்றால், அது ஒரு சேவை. அதற்கு ஊதியம் உண்டு என்று இதுவரை எவரும் சட்டத்தில் எழுதவில்லை.

காவிரியை உதாரணம் காட்டியதால் நாம் தருக்குற வேண்டியதில்லை. 1924-ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தின் நினைவு நம் வீட்டு முதியோர் வாய்மொழியில் நெடுங்காலம் வாழ்ந்தது. 1934-இல் மேட்டூர் அணை எழுந்தபின் அந்த அச்சம் மறைந்தது. மறைந்த அச்சத்தின் இடத்தில் மணல் லாரிகள் கொள்ளிடத்துக்கு வந்தன. 2018-ஆம் ஆண்டு ஆகஸ்டில் மேட்டூர் நிறைந்து நீர் பெருகியபோது, 1836-ஆம் ஆண்டில் ஆர்தர் காட்டன் கட்டிய முக்கொம்பு மேலணையில், கொள்ளிடத்துப் பக்கம் 9 மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. தாமோதரில் மணல் மிகுந்து துன்பம். கொள்ளிடத்தில் மணல் குறைந்து துன்பம். இரண்டிடத்திலும் அணைக்கு மேலே நீர்மட்டத்தை நாள்தோறும் அளந்து அறிவிக்கின்றனர். அணைக்குக் கீழே படுகையின் மட்டத்தை அப்படி அளந்து ஊரறிய உரைக்கும் வழக்கம் ஏற்படவில்லை.

இனி ஒருமுறை செப்டம்பர் மாதத்தில் ஊருக்குப் புறப்படும் நேயர்கள், உலுபேரியாவைத் தாண்டியதும் படுக்கையை விரிப்பதைச் சற்றே ஒத்திவைத்து அந்தச் சிறிய பாலத்தைப் பார்க்கலாம். மழை மிகுந்த ஆண்டாயின் கரையோரத்து வாழைகள் இடுப்பளவு நீரில் நிற்கக் காண்பர். பிறகு கோலாகாட் வரும். அங்கே நீர் மேல்நோக்கி ஏறிக்கொண்டிருந்தால் அது ஓத வேளை. முண்டேசுவரியின் வெள்ளம் அந்தப் பாலத்துக்கு வடக்கே, வயல்களில் பரந்தபடி, ஓதம் இறங்குவதற்காகக் காத்துக்கொண்டிருக்கும்.